இரவுப் பணி முடிந்து வந்து நூல் நூற்கிறேன். இங்கே வேறு யாராவது நூற்கிறீர்களா?

இரவுப்பணி
செவ்வாய், காலை 9.40

நாகர்கோவிலில் செவிலியராக இருக்கிறேன். 22 வருடமாக மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் இரவுப் பணி. காலையில் வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்தாலும் தூக்கம் பிடிக்காது. வார்டில் ஒலித்த மானிட்டர் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நாலாம் கட்டிலுக்கு மருந்து மாற்றினோமா, அந்தப் பாட்டிக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று மனம் வார்டையே சுற்றிவரும்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் கையால் சுற்றி நூல் நூற்கும் தக்ளி ஒன்று கிடைத்தது. பித்தளை வட்டு, அதன் நடுவே ஒரு கம்பி, கம்பி நுனியில் சின்னக் கொக்கி. அம்மா பள்ளிக்கூடத்தில் நூற்றதாம். சும்மா சுற்றிப் பார்த்தேன். பத்து நாள் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பதினோராம் நாளோ என்னவோ, ஒரு முழம் நீளத்துக்கு அறாமல் வந்தது. அன்று காலை பத்து மணிக்குப் படுத்தவள் மதியம் மூன்றரைக்குத்தான் எழுந்தேன்.

இப்போது பெட்டிக்குள் மடக்கி வைக்கும் பெட்டி ராட்டையும் வாங்கிவிட்டேன். ஆனால் பணி முடிந்து வரும் காலைகளில் தக்ளிதான். பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்து, அதன் வழவழப்பில் தக்ளி முனையை நிறுத்திச் சுற்றுவேன். அரை மணி நேரம். முதல் ஐந்து நிமிடம் வார்டு நினைவு வரும். அப்புறம் விரல் இடுக்கில் பஞ்சு நழுவுவது மட்டும்தான் தெரியும்.

பின்னல், தையல் எல்லாம் எனக்கு வரும். அவற்றில் கண்ணி எண்ண வேண்டும், அளவு பார்க்க வேண்டும். மனம் வேலையில் இருக்கும், ஓயாது. நூற்பதில் மட்டும் ஏன் இப்படி இறங்கிவிடுகிறது? உங்களுக்கும் இப்படி இருந்திருக்கிறதா?


தக்கலை வாத்தியார்
செவ்வாய், காலை 11.15

உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்துபோய் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எங்கள் நூற்பு ஆசிரியர் கை கழுவாமல் பஞ்சைத் தொட விட மாட்டார்.

1963இல் ஆறாம் வகுப்பு. வாரத்தில் இரண்டு பீரியட் கைத்தொழில். ஆளுக்கொரு தக்ளி, ஒரு பிடி பஞ்சுப் பட்டை (நூற்பதற்காகச் சுருட்டிய பஞ்சு). விரல் வியர்த்தால் பஞ்சு ஒட்டும் என்று ஒரு தகர டப்பாவில் சாம்பல் வைத்திருப்பார்கள், தொட்டுக்கொள்ள வேண்டும். நாற்பது பையன்கள் இருந்த வகுப்பில் அந்த நேரம் மட்டும் பேச்சுச் சத்தம் இருக்காது. பிரம்புக்குப் பயந்து வந்த அமைதி இல்லை அது. பின்னாளில் நானே 34 வருடம் வகுப்பு எடுத்தேன். அப்படி ஓர் அமைதியை என் வகுப்பில் நான் பார்த்ததில்லை.

அரை மணி நேரம் என்று சொன்னீர்கள் பாருங்கள். 1924இல் பெல்காம் காங்கிரஸில் ஒரு விதி வந்தது. உறுப்பினராக இருக்க வேண்டுமானால் மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 67 கஜம், ஏறக்குறைய 60 மீட்டர். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. சொந்தமாக நூற்க முடியாதவர்கள் வேறொருவர் நூற்றதை வாங்கிக் கொடுக்கலாம் என்றும் இருந்தது. பலரும் அதைத்தான் செய்தார்கள். அடுத்த வருடமே அந்த விதி தளர்ந்துவிட்டது. கட்டாயம் என்று வந்தால் அந்த அரை மணி நேரம் மலைபோலத் தெரியும். நீங்கள் அதையே படியில் உட்கார்ந்து தானாகச் செய்கிறீர்கள்.


கணினிக்கண்
செவ்வாய், பிற்பகல் 2.30

நான் பார்வதிபுரத்தில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். நாளைக்குப் பத்து மணி நேரம் திரைதான். போன மாதம் தக்ளி வாங்கினேன். அமைதியெல்லாம் வரவில்லை அக்கா, கோபம்தான் வருகிறது. ஒரு சாண் வந்ததும் அறுந்துவிடுகிறது. இல்லையென்றால் நடுவில் கம்பளிப்பூச்சி மாதிரி தடியாக நிற்கிறது. யாராவது முறையைச் சொல்லிக் கொடுங்கள்.


பாவு_ஊடை
செவ்வாய், இரவு 8.50

வடசேரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். தறி இப்போது வீட்டில் இல்லை. ராட்டை இருக்கிறது. தம்பி, நீங்கள் பஞ்சை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள்.

நூல் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பட்டையில் இருக்கும் பஞ்சிழை ஒவ்வொன்றும் ஓர் அங்குல நீளம் இருந்தால் அதிகம். அவற்றுக்கு ஒன்றோடொன்று உறவே இல்லை. இழுத்தால் விலகும். முறுக்கு ஏறும்போதுதான் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். இழுப்பு முந்தினால் அறும். முறுக்கு முந்தினால் இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் நீளாது. இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும்.

உங்கள் கம்பளிப்பூச்சிக்கு வருவோம். முறுக்குக்கு ஒரு குணம் உண்டு. மெலிந்த இடத்துக்குத்தான் அது முதலில் ஓடும். தடித்த இடத்தில் முறுக்கு ஏறாது, அது நெகிழ்ந்தே இருக்கும். அதனால் தடிப்பு வந்ததும் பதறி அறுத்துப் போட வேண்டாம். மெலிந்த பகுதி ஏற்கெனவே முறுக்கேறிப் பலமாக இருக்கிறது. இழுத்தால் அது அறாது, தடித்த இடம்தான் நழுவி மெலியும். மெலிந்ததும் முறுக்கு அங்கேயும் ஓடிவந்துவிடும். நூல் தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும். அதற்கு வேண்டிய நேரத்தை மட்டும் நாம் கொடுத்தால் போதும்.

ராட்டையில் இது இன்னும் நன்றாகத் தெரியும். வலது கை சக்கரத்தைச் சுற்றும். இடது கை பட்டையைப் பிடித்துக் கதிர் (சுழலும் கம்பி) முனையிலிருந்து பின்னோக்கிச் சாய்வாகப் போகும். கை நீட்டும் தூரம் வரை இழுத்ததும் அங்கேயே நிறுத்தி, சக்கரத்தை இரண்டு சுற்று கூடுதலாக விட வேண்டும். அந்தக் கூடுதல் முறுக்கு முக்கியம். பிறகு சக்கரத்தைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பி, நுனியில் சுற்றியிருக்கும் நூலை விடுவித்து, மறுபடி முன்பக்கம் சுற்றிக் கதிரில் ஏற்ற வேண்டும். இழு, நிறுத்து, திருப்பு, ஏற்று. நான்கும் நான்கு மூச்சு மாதிரி வரும்.

பட்டையைப் பிடிப்பது எப்படி என்றால், பிறந்த குஞ்சைக் கையில் வைத்திருப்பது போல. பறக்கவும் கூடாது, நசுங்கவும் கூடாது.

அக்கா கேட்டதற்கு எனக்குத் தோன்றும் பதில் இதில்தான் இருக்கிறது. பின்னலில் கை இறுக்கமாக இருந்தாலும் வேலை நடந்துவிடும், கண்ணி கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். நூற்பதில் கை இறுகினால் வேலையே நடக்காது. விரல் தளர்ந்தால்தான் நூல். விரல் தளர வேண்டுமானால் மணிக்கட்டும் தோளும் தளர வேண்டும். தோள் இறங்கினால் மூச்சும் தானாக இறங்கிவிடும்.


ரப்பர்தோட்டம்
புதன், காலை 7.05

குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்து ஓரம் பெரிய இலவமரம் ஒன்று நிற்கிறது. மாசி, பங்குனியில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். தலையணைக்கு எடுத்தது போக மீதி வீணாகிறது. அதை நூற்கலாமா? இரண்டு நாளாக முயன்று பார்க்கிறேன், புகையைக் கையில் பிடிக்கிற மாதிரி இருக்கிறது.


ரிங்ஃபிரேம்
புதன், காலை 10.20

ஆரல்வாய்மொழிப் பக்கம் நூற்பாலையில் 29 வருடம் சைடராக (கதிர் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளியாக) இருந்தவன். இலவம்பஞ்சை அப்படியே நூற்க முடியாது தம்பி. அதன் இழை உள்ளே குழாய் மாதிரி வெற்றிடமாக, வெளியே மெழுகு பூசியது போல வழவழவென்று இருக்கும். தண்ணீர் ஒட்டாது, அதனால்தான் மிதவைக்கெல்லாம் அதைப் பயன்படுத்தினார்கள். ஒன்றையொன்று பிடிக்க அதில் சொரசொரப்பு இல்லை. முறுக்கினால் ஒடியும்.

பருத்தி அப்படி இல்லை. காய் வெடித்துக் காயும்போது அதன் இழை தட்டையாகி, நாடாவைத் திருகிவிட்டது போல வளைந்து நெளிந்துவிடும். அந்த நெளிவுதான் ஒன்றை ஒன்று கவ்வும். எருக்கம்பஞ்சும் இலவம்பஞ்சு மாதிரிதான். பருத்தியோடு கொஞ்சமாகக் கலந்தால் வரும், தனியாக வராது. நம் மாவட்டத்தில் பருத்தி பெரிதாக விளையாது. கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் விளையும் கருங்கண்ணிப் பருத்தி கிடைத்தால் வாங்குங்கள். இழை குட்டைதான், ஆனால் கைநூற்புக்கு ஒத்துப்போகும்.

இன்னொன்று. கணினிக்கண் தம்பி, நீங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நூற்கிறீர்களா? ஆலையில் கூரையிலிருந்து பனி போலத் தண்ணீரைத் தூவிக்கொண்டே இருப்போம். காற்றில் ஈரம் குறைந்தால் வரிசை வரிசையாக நூல் அறும். பருத்திக்கு ஈரம் பட்டால் பலம் கூடும். கைநூற்புக்கும் அதே கணக்குதான். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை இறங்கிய காலையில் நூற்றுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆடிக் காற்றில் எங்கள் ஊரில் வாசலில் உட்கார்ந்து நூற்கவே முடியாது. கணவாய்க் காற்று பட்டையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

ஆலையில் கதிர் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடும். ஒரு சைடர் நூற்றுக்கணக்கான கதிரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுந்ததை ஒட்டு, நட, அறுந்ததை ஒட்டு, நட. அத்தனை வருடத்தில் பஞ்சு நூலாகும் அந்தக் கணத்தை நான் ஒரு தடவையும் கண்ணால் பார்த்தது கிடையாது, வேகம் அப்படி. ஓய்வுக்குப் பிறகு பேத்திக்காக ஒரு தக்ளி வாங்கிச் சுற்றியபோதுதான் பார்த்தேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.


பொழிமுகம்
புதன், இரவு 9.30

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படிக்கப் படிக்க என் மனம் ஒட்டவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மணக்குடிப் பக்கம் எங்கள் ஊர். அம்மா கயிறு முறுக்கினவள், 11 வயதில் தொடங்கி 30 வருடத்துக்கு மேல். கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, பொழித் (கழிமுகத்) தண்ணீரில் மாதக்கணக்கில் அழுக வைத்து எடுப்பார்கள். அந்த நாற்றம் பள்ளிக்கூடம் வரை என்னோடு வரும், உடுப்பில் ஒட்டியிருக்கும். அழுகின கதம்பலைக் கட்டையால் அடித்துத் தும்பு, அதாவது நார், பிரிப்பார்கள். ஒருத்தி ராட்டைச் சுற்ற, இரண்டு பேர் தும்பை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையால் விட்டுக்கொண்டே பின்பக்கமாக நடப்பார்கள். கடைசி வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் பின்பக்கமாக நடை. காலை ஆறு மணி முதல் வெயில் தாழும் வரை. கூலி கயிற்றின் கணக்குக்கு. அம்மாவின் உள்ளங்கையில் ரேகை இல்லை. இப்போது ஆதார் எடுக்கப் போனால் விரல் பதிய மாட்டேன் என்கிறது.

அதுவும் நூற்புதானே? தும்பும் இழைதான், முறுக்கும் முறுக்குதான். அக்கா, உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இரவெல்லாம் நின்று வேலை பார்க்கிற கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் "நூற்றால் மனம் அமைதியாகும்" என்று பொதுவாகச் சொல்லும்போது என் அம்மாவின் கை என் கண்முன் வருகிறது.


இரவுப்பணி
வியாழன், காலை 10.05

தங்கச்சி, நேற்று இரவு பணியில் இருந்தபோதே உங்கள் பதிவைப் படித்தேன். மூன்று மணி வாக்கில் வார்டு கொஞ்சம் அடங்கியதும் இன்னொரு தடவை படித்தேன்.

நீங்கள் சொல்வது சரி. நான் முதல் பதிவில் நூற்பு என்றே பொதுவாக எழுதிவிட்டேன். எனக்கு அமைதி தருவது நூற்பு மட்டும் இல்லை, அந்த அரை மணி நேரத்தை யாரும் அளக்காததும்தான். எத்தனை மீட்டர் என்று மேற்பார்வையாளர் கேட்கப் போவதில்லை. அறுந்தால் கூலி பிடிக்க யாரும் இல்லை. வேண்டாம் என்று தோன்றினால் சிரட்டையோடு எடுத்து வைத்துவிடுவேன். இதே தக்ளியைக் கொடுத்து இந்த வாரத்துக்குள் இத்தனை சிட்டம் (நூல் கட்டு) வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் என் தூக்கம் இன்னும் போயிருக்கும்.

நான் செய்யும் வேலையிலும் இது உண்டு. நோயாளிக்குத் தலை வாரிவிடுவது எனக்கு மிகப் பிடித்த வேலை. இரண்டு பேர் இருக்கும் வார்டில் அது சந்தோஷம். இருபது பேர் இருக்கும் வார்டில் அதே சீப்பு பாரமாகிவிடும்.

உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?


ரிங்ஃபிரேம்
வியாழன், காலை 11.30

பொழிமுகம் சொன்னதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆலையில் மூன்றாம் ஷிப்டில் நூல் அழகாக இருக்கிறது என்று யாரும் நின்று பார்த்ததில்லை. எங்களுக்குச் சம்பளம், சங்கம், ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் பணம் என்று ஏதோ இருந்தது. கயிற்றுக்குப் போன பெண்களில் பலருக்கு அதுவும் இல்லை.


தக்கலை வாத்தியார்
வியாழன், மாலை 4.40

மக்களே, பொழிமுகத்தின் பதிவு இந்தப் பேச்சுக்கு மிக அவசியமானது. ராட்டையை இந்த நாட்டில் பலரும் கையிலெடுத்தது கூலிக்காகத்தான், ஓய்வுக்காக இல்லை. 1929இல் அகில பாரத நூற்போர் சங்கம் நல்ல ராட்டை ஒன்றை வடிவமைப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று அறிவித்தது. அன்றைக்கு ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். நோக்கம் ஒன்றுதான், வீட்டில் உட்கார்ந்து நூற்கும் ஏழைப் பெண்ணுக்கு அதே நேரத்தில் கூடுதல் நூல், கூடுதல் காசு. மடக்கி எடுத்துப்போகும் பெட்டி ராட்டை எரவாடா சிறையில் காந்தி நூற்ற காலத்தில் உருவானது. அம்பர் சர்க்காவைச் செய்த ஏகாம்பரநாதன் நம் தமிழ்நாட்டுக்காரர். ஒரே ஆள் பல கதிரை ஓட்டும்படி அதை அமைத்தார். அதுவும் கூலியை உயர்த்தத்தான்.

இன்னும் பின்னால் போனால், கீழடியில் தக்ளிகள் கிடைத்திருக்கின்றன. சங்கப் பாடலில் பருத்திப் பெண்டு வருகிறாள். சிறு விளக்கின் வெளிச்சத்தில் இரவிலும் வேலை செய்கிறவள் அவள். அவளுக்கு அது பிடித்திருந்ததா என்று பாட்டில் இல்லை.


கணினிக்கண்
வெள்ளி, இரவு 7.15

விசிறியை அணைத்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினேன். நேற்று மாலை நாலு முழம் தொடர்ச்சியாக வந்தது. தடித்த இடத்தை இழுத்தபோது அது என் கண்முன்னே மெலிந்து நூலோடு நூலாகப் போய்விட்டது. பாவு_ஊடை அண்ணனுக்கு நன்றி.

ஒரு சந்தேகம். பெட்டி ராட்டை ஒன்று இரவல் கிடைத்தது, கதிர் கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?


பாவு_ஊடை
வெள்ளி, இரவு 8.00

வேண்டாம். நம் ஊரில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான், ஆனால் அது நாளாக நாளாகப் பிசினாகும், மார்கழியில் உறையும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். துடைத்துவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் நூல் கறுத்துவிடும். சக்கரத்துக் கயிறு தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.


பொழிமுகம்
ஞாயிறு, மாலை 5.50

அக்கா, அம்மா நன்றாக இருக்கிறார்கள். மூட்டுவலி உண்டு. பின்பக்கமாக நடந்த கால் அல்லவா.

நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. வியாழன் மாலை நாகர்கோவிலுக்கு வந்தபோது கதர்க்கடையில் ஒரு தக்ளியும் பஞ்சுப் பட்டையும் வாங்கினேன். அம்மாவுக்காக இல்லை, நீங்கள் சொல்வது உண்மையா என்று நானே பார்க்கத்தான். நேற்று திண்ணையில் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "இஞ்ச கொண்டா" என்று வாங்கினார்கள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பருத்தியைத் தொட்டே பழக்கமில்லாத கை அது. தும்பு முரடு, குத்தும், பருத்தி நழுவும். ஆனாலும் முறுக்கு எங்கே ஏறுகிறது, எங்கே ஏறவில்லை என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கையையும் விரித்த ஒரு பாகம் நீளத்துக்கு நூற்றுவிட்டு, அதை நடுவில் மடித்து இரண்டு புரியாக்கி, உள்ளங்கையில் எதிர்ப்பக்கம் உருட்டி முறுக்கினார்கள். கயிற்றுக்குச் செய்கிற மாதிரியே. முறுக்கு பிரியாமல் நின்றது. அதை என் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் "எத்தன கட்டு வேணும்?" என்று கேட்டார்கள்.

ஒன்றும் வேண்டாம் அம்மா, யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்றேன். அவர்களுக்கு அது உடனே பிடிபடவில்லை. "சும்மையா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். பிறகு விளக்கு வைக்கும் நேரம் வரை சுற்றிக்கொண்டே இருந்தார்கள். இடையில் ஒரு தடவை நிறுத்தி, உட்கார்ந்த இடத்திலேயே கயிறு வருது பாரு என்று சொன்னார்கள்.

அம்மாவுக்கு அது சந்தோஷமா, பழகிய கை தானாக ஓடியதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்று காலை காப்பி குடித்ததும் தக்ளியை எங்கே வைத்தாய் என்று கேட்டார்கள்.


ரப்பர்தோட்டம்
ஞாயிறு, இரவு 8.20

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இலவம்பஞ்சைத் தலையணைக்கே திருப்பிவிட்டேன். கருங்கண்ணி சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் இங்கே எழுதுகிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் பங்கு போடலாம்.


இரவுப்பணி
திங்கள், காலை 9.20

பணி முடிந்து வந்து இப்போதுதான் படித்தேன். படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அப்புறம் நூற்றேன்.

தங்கச்சி, அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? என் நூலில் இதுவரை 75 கிராம் சேர்ந்திருக்கிறது. பருமனில் ஏறக்குறைய பத்தாம் நம்பர் நூல், அதாவது 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பாவு_ஊடை தம்பி தெரிந்த தறியில் சொல்லியிருக்கிறார். என் நூலைக் கொதிநீரில் போட்டெடுத்து முறுக்கைப் படிய வைத்து, தார்க்குச்சியில் சுற்றி ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) போடலாமாம். பாவுக்கு (நீள இழைக்கு) என் நூல் இழுவை தாங்காது என்பதால் ஆலை நூல். அளவுக்கு ஒரு துவர்த்து (துண்டு) வரும் என்கிறார்.

அந்தத் துவர்த்தின் இரண்டு தலைப்பிலும் நூல் நுனிகளை முறுக்கிவிட வேண்டும். எனக்குக் குஞ்சம் முறுக்க வராது, பிரிந்துவிடுகிறது. அம்மா மணிக்கட்டில் கட்டிவிட்ட மாதிரி எதிர்முறுக்கு வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் எனக்குப் பகல் பணி, ஞாயிறு ஓய்வு. மணக்குடிக்கு நானே பேருந்தில் வருகிறேன். அம்மாவுக்குப் பஞ்சுப் பட்டை எவ்வளவு கொண்டுவரட்டும்?


பொழிமுகம்
திங்கள், காலை 9.45

கேட்டேன் அக்கா. "கொண்டு வரச் சொல்லு, நெறைய கொண்டு வரச் சொல்லு" என்கிறார்கள். மதியம் இங்கேதான் சாப்பாடு, மீன் வாங்கி வைக்கிறோம்.